நுரை நிற்காத குவளை

காலை ஐந்தரை மணிக்குச் சென்னை கிளாம்பாக்கத்தில் திருச்சி பஸ் ஏறினேன். விருத்தாசலத்துக்கு நேர் பஸ் வர இன்னும் நேரமாகும் என்றார்கள். வேப்பூரில் இறங்கி மாறிக்கொள்ளலாம் என்று கிடைத்ததில் ஏறிவிட்டேன். தோளில் பெரிய பை. போய்விட்டு அன்றே திரும்புகிறவளுக்கு எதற்கு இத்தனை துணி என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஒரு துண்டும் இரண்டு பழைய சுடிதார்களும் மூன்று பீர் பாட்டில்களைச் சுற்றியிருந்தன. நான்காவதாக ஒரு கண்ணாடி டம்ளர். பாட்டில்கள் வாங்கிய ரசீது கைப்பையில் பத்திரமாக இருந்தது.

என் தொழிலைச் சொன்னால்தான் இந்தப் பை புரியும். நான் ருசி பார்ப்பவள். முதலில் ஒரு தேயிலைக் கம்பெனியில் பார்த்தேன், பிறகு காபி, கடந்த சில ஆண்டுகளாக பீர். உறவுக்காரர்களிடம் இன்னும் காபி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். காபியை வாயில் சுழற்றித் துப்பிவிடுவோம். பீரைத் துப்ப முடியாது. கசப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் முழுசாகத் தெரியும். அதனால் இரண்டு வாய் விழுங்கி, மதிப்பெண் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிடுவேன்.

என் நண்பர் ரவி புதுச்சேரியில் ஓர் உணவகம் திறக்கப்போகிறார். அங்கேயே காய்ச்சி ஊற்றும் பீர்தான் அதன் விசேஷம். அதிலும் ஜெர்மானிய முறையில் செய்யும் கனமான கோதுமை பீர். பார்லியோடு பாதிக்கு மேல் கோதுமை சேர்த்து, சாதாரண பீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வீரியத்தில் காய்ச்சுவது. வைட்சன்பாக் என்பார்கள். அதைக் கண்ணாடியில் தராமல் நம் ஊர்ப் பீங்கான் குவளையில் தரவேண்டும் என்பது ரவியின் ஆசை. விருத்தாசலத்தில் ஒரு பட்டறைக்குப் படம் அனுப்பி இரண்டு மாதிரிகள் வரவழைத்தார். குவளைகள் அழகாகத்தான் வந்தன. ஆனால் பீரை ஊற்றினால் நுரை நிற்கவில்லை.

கோதுமை பீருக்கு நுரைதான் முகம். இரண்டு விரல் உயரத்துக்கு வெண்ணெய் போல எழும்பி, கடைசி வாய் வரை கூடவே இறங்கி வரவேண்டும். அந்தக் குவளையிலோ சோப்புத் தண்ணீர் போலப் பொங்கி, ஒரு நிமிடத்துக்குள் வழித்துவிட்டாற்போல் காணாமல் போனது. ரவி பொறுமை இழந்தார். கண்ணாடியே போதும், ஆர்டரை விட்டுவிடலாம் என்றார். பட்டறை நடத்தும் பெண்ணிடம் நான் போனில் பேசினேன். "நொர நிக்கலன்னா என்னா காரணம்னு எனக்கும் தெரிய வேணாமா? ஒரு தடவ நேர்ல வாங்க மேடம்" என்றாள். எனக்கும் தெரிந்துகொள்ளவேண்டியிருந்தது. அதே வகை பீரில் வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று பாட்டில்களை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு வேப்பூர். நெடுஞ்சாலையோரக் கடையில் இரண்டு இட்லி, ஒரு வடை, டீ எல்லாம் சேர்த்து அறுபது ரூபாய். அன்று வெள்ளிக்கிழமை, ஆட்டுச் சந்தை நாள். விடியலில் கூடும் சந்தை கலைந்து, ஆடுகள் மினி லாரியிலும் பைக்கிலும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. விருத்தாசலம் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரர் மடியில் ஒரு கறுப்புக் குட்டி இருந்தது. கண்டக்டர் அதைப் பார்த்தும் பார்க்காதவராகப் போனார். இந்த மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர்ப் பக்கம் ஏதோ கிராமம் என்றார் குட்டிக்காரர். விருத்தாசலத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டு ஊர் திரும்புவாராம்.

"குட்டி நல்ல குட்டின்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"பல்ல பாப்பேன். கண்ண பாப்பேன். அப்புறம் வாயத் தொறந்து மோந்து பாப்பேன்."

"மோந்து பார்த்தா என்ன தெரியும்?"

"பச்சத் தழ வாசன வந்தா வயிறு நல்லா இருக்குதுன்னு அர்த்தம். புளிச்ச வாசன வந்தா வுட்டுட்டு வந்துடுவேன்." குட்டியின் வாயை இரண்டு விரலால் திறந்து என் பக்கம் நீட்டினார். "நீங்களும் பாருங்களேன்."

பார்த்தேன். பச்சைத் தழையும் கொஞ்சம் பாலும். நான் தலையாட்டியதும் அவர் திருப்தியாகிவிட்டார். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு, என்னை யாரும் இவ்வளவு இயல்பாக ஒன்றை முகர்ந்து பார்க்கச் சொன்னதில்லை.

வேப்பூரிலிருந்து விருத்தாசலம் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். இருபக்கமும் அறுத்துவிட்ட மக்காச்சோளத் தட்டைகள், எள், நடுநடுவே முந்திரி. பதினொரு மணிக்கு முன்பே பேருந்து நிலையத்தில் இறங்கினேன். பாட்டில்கள் சூடாகியிருந்தன. ஜூஸ் கடையில் ஐஸ் கேட்டேன். ஒரு பாலித்தீன் பை நிறைய நாற்பது ரூபாய். தொழிற்பேட்டைக்கு ஆட்டோ பேசி ஏறினதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"மீனுங்களா மேடம்?"

"இல்லைங்க."

"மருந்தா?"

"பீங்கான் கம்பெனிக்கு."

"பீங்கானுக்கு எதுக்குங்க ஐஸு?" என்றவர், பதில் வராததால் வழியெல்லாம் தனக்குத் தானே யோசித்துக்கொண்டே ஓட்டினார். இறக்கிவிட்டபோது, "கண்டுபிடிச்சிட்டேன். சூளய ஆத்தறதுக்கு" என்றார். நான் மறுக்கவில்லை.

பட்டறை என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசலில் வெள்ளைக் களிமண் மூட்டைகள். உள்ளே பலகை பலகையாக ஃபியூஸ் கட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு மூலையில் பெயின்ட் அடிக்காத பிள்ளையார்களும் கிளிகளும். மறுகோடியில் சூளை. நேற்றுச் சுட்டு மூடிவைத்தது, இன்னும் சூடு அடங்கவில்லை. ஈரமண் வாசனையும் வெந்த செங்கல் வாசனையும் கலந்து அடித்தது.

பட்டறை நடத்தும் கலைச்செல்விக்கு நாற்பதுக்கு உள்ளேதான் இருக்கும். முழங்கை வரை வெள்ளை மண் பூசியிருந்தது. "வாங்க மேடம், வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினாள். பிறகு குவளை பிறக்கும் கதையைக் காட்டினாள். களிமண்ணைத் தயிர் போலக் கரைத்து, பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் மண் தோலாகப் படியும். நடுவில் மிஞ்சியதைக் கவிழ்த்துவிட்டால் குவளை. காயவைத்து, ஒருமுறை சுட்டு, கண்ணாடிப் பூச்சில் முக்கி, மறுபடி சுடவேண்டும்.

"ஃபியூஸ் கட்ட ஆர்டரு பாதியா கொறஞ்சி போச்சிங்க. இப்ப எல்லா வூட்லயும் சுவிட்சு மாதிரி ஒன்னு போடறாங்கல்ல. அதான் இந்தக் குவளைய நம்பி புதுசா ஆறு அச்சு போட்டுட்டேன்" என்றாள். அலமாரியில் பதினைந்து இருபது குவளைகள் வரிசையாக இருந்தன. அரை லிட்டர் பிடிக்கும், தேன் நிறப் பூச்சு, தடித்த கைப்பிடி. ஒவ்வொன்றும் எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தை மாதிரி மின்னியது.

மண் வேலை செய்யும் இரண்டு பெண்கள் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் ஒரு வாளியில் ஐஸைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். பையைத் திறந்து, துணியை விலக்கி, முதல் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

கலைச்செல்வி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"இது என்னா மேடம்?"

"பீர். இதை ஊத்தத்தான் குவளை."

"காபின்னு நெனச்சேன்." குரல் மிகவும் தணிந்திருந்தது. "நொர நிக்கணும், நொர நிக்கணும்னு சொன்னீங்க. டவுன்ல பெரிய பெரிய கப்புல நொரக் காபி குடுக்கறாங்களே, அதுன்னு நெனச்சேன்."

ரவி படம் மட்டும் அனுப்பியிருக்கிறார். நானும் போனில் பீர் என்ற சொல்லை எடுக்கவில்லை. எதற்கென்று அவளுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

அவள் சூளைப் பக்கம் பார்த்தாள். பிறகு அவசரமாக ஒரு சாக்கை எடுத்துப் பாட்டில்மேல் போட்டாள். "உள்ள வைங்க. மொதல்ல அத உள்ள வைங்க. எங்க வூட்டுக்காரரு அந்தாண்ட இருக்காரு. அவரு குடிய வுட்டு மூணாவது வருஷம் நடக்குது."

பாட்டிலைப் பைக்குள் தள்ளினேன். மன்னிப்புக் கேட்டு, உடனே கிளம்பிவிடுகிறேன் என்றேன். ஆர்டரைப் பற்றி ரவியிடம் வேறு விதமாகப் பேசிக்கொள்ளலாம் என்று என்னவோ சொன்னேன். வேறு விதம் எதுவும் இல்லை என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"இருங்க" என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையிலிருந்த காய்ந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். நான் சூளையைப் பார்த்தேன். அங்கே யாரோ கம்பியால் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"அவருக்குத் தெரியாம பின்னாடி ரூம்புல வெச்சி பாத்துடலாம்" என்றாள் கடைசியில். பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "வேணாம். அவரு எங்கிட்ட மறைச்சி மறைச்சித்தான் எல்லாம் போச்சி. இப்ப நான் அவர்கிட்ட மறைக்கறதா?" எழுந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, செத்த இங்க வாங்க."

குமார் துண்டில் கையைத் துடைத்தபடி வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். சூளைச் சூட்டில் முகம் சிவந்திருந்தது. கலைச்செல்வி சுற்றி வளைக்கவில்லை. "அந்தக் குவள காபிக்கு இல்லியாம். பீருக்காம். மேடம் ஊத்திப் பாக்கறதுக்குக் கொண்டாந்திருக்காங்க. பையில இருக்குது."

அவர் என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. பையைப் பார்த்தார்.

"தொறந்துட்டீங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

"அப்ப நான் கெளம்பிடறேன். அப்புறமா தொறங்க." அவளிடம் திரும்பினார். "சூளய மூணு மணி வரைக்கும் யாரும் தொட வேணாம். நான் கொளஞ்சியப்பர் கோயில் வரைக்கும் போயிட்டு வரேன். முடிஞ்சதும் போன் பண்ணு." வாசல் வரை போனவர் நின்றார். "எல்லாத்தையும் கழுவிட்டுப் பண்ணு."

மொபெட் சத்தம் தேய்ந்து மறையும் வரை இருவரும் நின்றோம். திடீரென்று கலைச்செல்வி சிரித்துவிட்டாள். "அந்தக் கோயில்லதான் மேடம் அவரு மேல பிராது கட்டியிருக்கேன்." கொளஞ்சியப்பரிடம் குறையைப் புகாராக எழுதிக் கட்டிவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். குறை தீர்ந்தால் புகாரைத் திரும்பப் பெறவேண்டும். "குடிக்கறாருன்னு எழுதிக் குடுத்தேன். வுட்டுட்டாரு. ஆனா நான் இன்னும் வாபஸ் வாங்கல. கேஸு நெலுவையிலயே இருக்கட்டும்னு வெச்சிருக்கேன். அவருக்கும் தெரியும்."

பன்னிரண்டரைக்குப் பின்னறையில் வேலையைத் தொடங்கினோம். பொம்மைகள் அடுக்கிய சிறிய அறை. ஐஸில் அரை மணி நேரம் கிடந்த பாட்டிலைத் திறந்தேன். முதலில் என் கண்ணாடி டம்ளரில் சாய்த்து ஊற்றினேன். கருப்பட்டிப் பாகின் நிறம், உள்ளே புகைமூட்டம் போல ஒரு கலங்கல். அந்தக் கலங்கல் குறையில்லை. கோதுமையும் ஈஸ்ட்டும் சேர்ந்த மங்கல் அது, இருக்கவேண்டும். மேலே நுரை எழும்பி, கிரீடம் வைத்தாற்போல் நின்றது.

அடுத்து அலமாரிக் குவளை ஒன்றில் ஊற்றினேன். பொங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குமிழிகள் பெரிதாகி, உடைந்து, தட்டையான பழுப்புத் தண்ணீராகக் கிடந்தது.

"அய்யோ" என்றாள் கலைச்செல்வி. பீரைப் பிடிக்காவிட்டாலும் தன் குவளையில் அது செத்துப்போனது அவளுக்குப் பொறுக்கவில்லை.

நுரையைக் கொல்வது பெரும்பாலும் எண்ணெய்ப் பசைதான். உதட்டுச் சாயம் பட்டால்கூடப் போதும். நான் குவளையின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தேன். சூளையிலிருந்து வந்ததை என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஒன்னும் செய்யறதில்லியே. சாம்பத் தூசு இருக்கும், தொடைப்பேன். அவ்ளோதான்."

"எதால துடைப்பீங்க?"

"துணியாலதான்." சட்டென்று நிறுத்தினாள். "தேங்கா எண்ணெய் ஒரு சொட்டு வுட்டுக்குவேன். பொம்மைக்கெல்லாம் அப்பிடித்தான், பளபளன்னு தெரியும். உள்ள வெளியேன்னு ரெண்டு பக்கமும் தொடைச்சி அனுப்புனேன். பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கட்டுமேன்னு." வாயில் கைவைத்துக்கொண்டாள். "அதுதானா?"

நான் சென்னையில் அதைச் சாதாரணமாக அலசிவிட்டுத்தான் ஊற்றியிருந்தேன். அது போதவில்லை. இப்போது வெந்நீர் வைத்து, சோடா உப்புப் போட்டு, இரண்டு குவளைகளை இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். பச்சைத் தண்ணீரில் நாலு முறை அலசித் துணி படாமல் கவிழ்த்து உலர்த்தினோம். இரண்டாவது பாட்டிலைத் திறந்து ஒன்றில் ஊற்றினேன்.

நுரை எழும்பியது. நின்றது. அவள் குனிந்து குவளையின் விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நிக்குது மேடம். நிக்குதுல்ல?" என்று நாலைந்து தடவை கேட்டிருப்பாள்.

இனி என் வேலை. முகர்ந்தேன். நன்றாகப் பழுத்த வாழைப்பழம், அதன் பின்னால் கிராம்பு. இந்த இரண்டும் பழத்தையோ கிராம்பையோ போடுவதால் வருவதில்லை. ஈஸ்ட் தானாகத் தருவது. கொஞ்சம் சூடேறவிட்டால் கருகின ரொட்டி விளிம்பு, பேரீச்சை. வாயில் வைத்தால் கஞ்சி போலக் கனம், நடுவே சுருக்கென்று குத்தும் காற்று. இனிப்பில் தொடங்கி, மெல்லிய கசப்பில் முடிந்து, நெஞ்சில் இளஞ்சூட்டை விட்டுப்போனது. குறை என்றால் ஒன்றுதான். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை லேசாக எட்டிப் பார்த்தது. கப்பலிலும் கிடங்கிலும் வெயில் பட்டிருக்கிறது. பாட்டில் கொஞ்சம் பழசு. ஐம்பதுக்கு முப்பத்தேழு போட்டேன். குவளையிலும் ஒரு குறை இருந்தது. வாய் அகலமாக இருந்ததால் வாழைப்பழ வாசனை சீக்கிரம் பறந்துபோனது. கண்ணாடி டம்ளரில் அது தங்கியிருந்தது.

இதையெல்லாம் நான் முணுமுணுத்துக்கொண்டே செய்வது வழக்கம். கலைச்செல்வி கவனித்துக்கொண்டிருந்தாள்.

"நான் மோந்து பாக்கட்டுமா?"

கொடுத்தேன். மூக்கை வைத்தவள் ஆச்சரியத்தோடு நிமிர்ந்தாள். "ஆமா மேடம், வாழப்பழம். கடையில தார்லயே தொங்கி கறுத்துப்போச்சின்னா வருமே, அது." மறுபடி முகர்ந்தாள். "அவரு மேல வந்த நாத்தம் இது இல்ல."

குவளையைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "ஒரு வாய் குடிச்சிப் பாக்கறேன்" என்றாள்.

"வேண்டாம்னா வேண்டாம். குவளைக்கு வேண்டியது கிடைச்சாச்சு."

"குவளைக்கு இல்ல. எனக்கு." கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பதிமூணு வருஷம் இது கூடத்தான் குடும்பம் நடத்துனேன். ஒரு நாளும் இது என்னான்னு எனக்குத் தெரியாது."

ஒரு வாய் குடித்தாள். முகம் சுருங்கியது, துப்பவில்லை. விழுங்கிவிட்டு நாக்கால் மேலண்ணத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இனிக்குது. அப்புறம் கசக்குது. காதுகிட்ட சூடா இருக்குது." இன்னும் எதற்கோ காத்திருந்தாள். பெரிதாக ஏதோ வரப்போகிறது என்பதுபோல. எதுவும் வரவில்லை.

"இவ்ளோதானா?" என்றாள்.

நான் குவளையை வாங்கக் கை நீட்டினேன், அவள் தரவில்லை.

"எங்க மாமனாருக்குக் கொள்ளி வைக்கற நேரத்துல ஊரே இவரத் தேடுச்சி மேடம். பாலத்துக்கு அடியில கெடந்தாரு. நாலு பேரு தூக்கியாந்து கையில கொள்ளிய குடுத்தாங்க." குவளையைப் பார்த்தாள். "இதுக்கா?"

கண் கலங்கியதே தவிர அழவில்லை. குவளையிலிருந்ததைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றி, தானே தேய்த்துக் கழுவினாள். நான் டம்ளரையும் மற்றக் குவளைகளையும் கழுவினேன். அவள் அறைக்கு பினாயில் போட்டாள். சன்னலைத் திறந்தாள். வாயைக் கொப்பளித்து ஏலக்காய் மென்றாள். அதன்பிறகும் போன் பண்ணவில்லை. முதலில் ஆர்டர் விஷயத்தை முடிக்கவேண்டும் என்றாள்.

"செஞ்சித் தரேன். ஆனா அர லிட்டர்ல தரமாட்டேன். முந்நூறு மில்லி. நீங்க சொன்ன மாதிரி வாயக் குறுக்கித் தரேன்."

"அவர் அரை லிட்டர்தானே கேட்டிருக்கார்?"

"எட்டு பர்சென்ட்டுக்கு மேலன்னு பாட்டில்ல போட்டிருக்குது, நீங்கதான் படிச்சீங்க. மத்ததெல்லாம் அஞ்சுதான்னும் சொன்னீங்க. அத அர லிட்டர் வாளியில குடுத்தா?"

"சின்னதா கொடுத்தா ரெண்டு கேட்டு வாங்கிக் குடிப்பாங்க, கலைச்செல்வி."

"கேக்கட்டும். கேக்கணும்னா கையத் தூக்கி ஆளக் கூப்புடணும்ல? அதுக்கு ஒரு நிமிஷம் ஆவும். செல பேருக்கு அந்த ஒரு நிமிஷம் போதும் மேடம், எழுந்து வூட்டுக்குப் போயிடுவாங்க. அரையில குடுத்துட்டீங்கன்னா அந்த நிமிஷமே வராது."

ரவிக்குப் போன் செய்தேன். அவள் சொன்ன காரணத்தை முதலில் சொன்னேன். ரவி சிரித்தார். பிறகு என் காரணத்தைச் சொன்னேன். இவ்வளவு வீரியமான பீரைச் சிறிய, வாய் குறுகிய பாத்திரத்தில் ஊற்றினால்தான் கடைசி வரை குளிர்ச்சியும் வாசனையும் நிற்கும். வெளிநாட்டில் நல்ல கடைகளில் அப்படித்தான் தருகிறார்கள். இரண்டு காரணத்துக்கும் ஒரே குவளைதான். ரவி சிரிப்பதை நிறுத்திவிட்டு, மாதிரி அனுப்பச் சொன்னார். வந்த பிறகுதான் முடிவு என்றார். கலைச்செல்விக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அப்போதே ஒரு காகிதத்தில் புது அச்சின் உருவத்தை வரையத் தொடங்கிவிட்டாள்.

அதன்பிறகுதான் போன் பண்ணினாள், மூன்று மணிக்குக் குமார் நெற்றியில் திருநீற்றோடு திரும்பினார். கதவருகிலேயே நின்று ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். சூளையைத் திறக்கப் போனவரை அவள் நிறுத்தினாள்.

"நானும் ஒரு வாய் குடிச்சிப் பாத்தேன்."

அவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கணத்தில் எனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை.

"எப்பிடி இருந்துச்சி?" என்று கேட்டார்.

"வாழப்பழ வாசன. கிராம்பு. மொதல்ல இனிப்பு, அப்புறம் கசப்பு."

"அப்பிடியா?" அவர் குரலில் உண்மையான வியப்பு இருந்தது. "எனக்கு அதெல்லாம் எதுவும் தெரிஞ்சதில்ல. மூக்கப் புடிச்சிக்கிட்டு ஊத்திக்குவேன். நாக்குல படறதுக்குள்ள உள்ள போயிடணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ருசியெல்லாம் பாத்திருந்தா அவ்ளோ குடிச்சிருக்க முடியாது" என்றார்.

கலைச்செல்வி கிட்டே போனாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, நெற்றியிலிருந்து மூக்கில் உதிர்ந்திருந்த திருநீற்றைத் துடைத்துவிட்டாள். பிறகு இருவரும் சூளையைத் திறக்கப் போனார்கள். ஃபியூஸ் கட்டைகள் பால் வெள்ளையில் வெளியே வந்தன. ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்து, மணிச் சத்தம் கேட்டதும் அவள் தலையசைத்தாள்.

நாலரை மணிக்குக் குமார்தான் என்னை மொபெட்டில் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போனார். பையில் ஒரு முழு பாட்டிலும் இரண்டு காலி பாட்டில்களும் இருந்தன. சுற்றிவந்த துணிகள் நனைந்துவிட்டதால் தனியாகக் கட்டியிருந்தேன். ஒரு குழியில் வண்டி ஏறி இறங்கியபோது பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அவர் முதுகு விறைத்ததை நான் பார்த்தேன். அடுத்த குழியிலும் அதே சத்தம்.

வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே, "மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. அந்தப் பைய கொஞ்சம் மடியில வெச்சி இறுக்கிப் புடிச்சிக்கிறீங்களா? சத்தம் கேக்குது" என்றார்.

ஈரத் துணிகளை அவிழ்த்துப் பாட்டில்களுக்கு நடுவே திணித்தேன். பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டேன். மிச்ச வழி முழுவதும் சாலையை அல்ல, அந்தப் பையையே கவனித்துக்கொண்டு வந்தேன். பழமலைநாதர் கோயில் கோபுரம் எப்போது வந்து போனது என்றே தெரியவில்லை.

சென்னை பஸ் நின்றுகொண்டிருந்தது. குமார் உடனே போய்விடவில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

"நீங்க குடிக்கறப்ப, பாதியில வெச்சிட்டு எழுந்திரிச்சிடுவீங்களா மேடம்?"

"ஆமாங்க. தினமும் அப்படித்தான்."

"மிச்சம் கண்ணு முன்னாடியே இருக்குமா?"

"இருக்கும்."

"எழுந்திரிச்சி வேற வேல பாப்பீங்க?"

"பார்ப்பேன்."

நான் பறப்பேன் என்று சொல்லியிருந்தால்கூட அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார். பொறாமை இல்லை, சந்தேகமும் இல்லை. தெரியாத தேசத்துச் சங்கதியைக் கேட்டுக்கொள்ளும் பார்வை. "சரிங்க மேடம். பத்திரமா போயிட்டு வாங்க" என்று வண்டியைத் திருப்பினார்.

மூன்று வாரம் கழித்துப் பார்சல் வந்தது. வைக்கோலுக்குள் இரண்டு குவளைகள். மின்னவில்லை, எண்ணெய் படாத, சாதுவான தேன் நிறம். உள்ளங்கைக்கு அடங்கும் அளவு, மேலே லேசாகக் குறுகிய வாய். ரவியும் நானும் அவருடைய சொந்தப் பீரை அதில் ஊற்றினோம். நுரை எழும்பி, அசையாமல் நின்றது. வாழைப்பழ வாசனையும் எங்கும் போகவில்லை. ரவி இரண்டு வாய் குடித்துவிட்டு, போனை எடுத்துக் கலைச்செல்வியின் எண்ணைத் தேடினார்.

நான் மதிப்பெண் போட்டேன். நாற்பத்தொன்று. குவளையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. சன்னல் பக்கம் போனேன், மழை வருமா என்று பார்த்தேன், திரும்பி வந்து என் பையை எடுத்துக்கொண்டேன். குவளை அங்கேயே இருந்தது. ஒரு கஷ்டமும் இல்லை. இத்தனை வருடங்களில் அதில் கவனிக்க ஏதாவது இருக்கிறது என்றே எனக்குத் தோன்றியதில்லை. அன்று மட்டும் கதவருகே ஒரு நிமிடம் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனேன்.